ஓர் ஆள் அளவு இடம்

ஆர்மா
3 மார்ச் 1958

மதிப்பிற்குரிய திரு. ஹியூபர்ட் கிரியர் அவர்களுக்கு,

மூன்று வருடம் பேசாமல் இருந்துவிட்டு எழுதுகிற முதல் கடிதமே ஒரு திருட்டை ஒப்புக்கொள்ளத்தான் என்றால், என் லட்சணத்தை நீங்களே அளந்துகொள்ளலாம்.

சனிக்கிழமை ஒரு பார்சல் வந்தது. மேலே 'புனித பேட்ரிக் பேராலயம், ஆர்மா' என்று மட்டும் எழுதியிருந்தது. இந்த ஊரில் இரண்டு குன்று, இரண்டு பேராலயம், இரண்டுக்கும் ஒரே புனிதரின் பெயர் என்பது பெல்ஃபாஸ்டில் உட்கார்ந்து பார்சல் கட்டுகிறவனுக்கு எப்படித் தெரியும்? பிரித்துவிட்டேன். உள்ளே ஆறு டின் பித்தளை மெருகு. எங்கள் பெரிய சாமியாருக்குக் கடைசியில் மனம் இளகிவிட்டது என்று நினைத்து, விளக்குத் தண்டு, பீடத்துக் கிராதி, மணி என்று கண்ணில் பட்டதையெல்லாம் தேய்த்தேன். ஞாயிறு பூசைக்கு வந்த பெண்கள் கண் கூசுகிறது என்றார்கள். நாள் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். இன்று காலைதான் பெட்டிக்கு அடியில் சீட்டைப் பார்த்தேன். உங்கள் பெயர்.

புராட்டஸ்டன்ட் மெருகு கத்தோலிக்கப் பித்தளையில் வேலை செய்யாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரமாதமாக வேலை செய்கிறது.

முன்பெல்லாம் இப்படித் தவறி வருகிற பொட்டலங்களை என் மகள் கையில் கொடுத்து உங்கள் குன்றுக்கு அனுப்புவேன். உங்கள் பையன் வந்து வாங்கிக்கொள்வான். அது எங்கே போய் முடிந்தது என்பது நம் இருவருக்கும் தெரியும். ஆகையால் மீதி ஐந்து டின்னையும் தபால்காரர் ஃபிண்டனிடமே கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு ஐம்பத்தாறு வயது, ஆறு பிள்ளைகள். பயமில்லை.

இப்படிக்கு,
மலக்கி டோனர்

பின்குறிப்பு: கவென்ட்ரியில் எல்லாரும் சுகம்தானா? எனக்காகக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு மிஸஸ் ஹியூஸ் கேட்கச் சொன்னார்.


ஆர்மா
6 மார்ச் 1958

திரு. டோனர் அவர்களுக்கு,

ஐந்து டின்கள் வந்து சேர்ந்தன. ஆறாவதை நீங்களே வைத்துக்கொள்ளவும். திறந்த டின் காய்ந்துவிடும்.

மிஸஸ் ஹியூஸுக்குத் தெரிவிக்க வேண்டியது: என் மகன் மெர்வின் அங்கே கார் செய்கிற தொழிற்சாலையில் நல்ல வேலையில் இருக்கிறான். சமீபமாகக் கொஞ்சம் இளைத்திருக்கிறான் என்று எழுதியிருக்கிறார்கள். உங்கள் மகள் டிம்ப்னாவுக்கு அக்டோபரில் குழந்தை பிறக்கும்.

இதை அவளே உங்களுக்கு எழுதினாளாம். அதற்கு முன்பும் மூன்று கடிதங்கள் எழுதினாளாம். நான்கும் பிரிக்கப்படாமல் அவளிடமே திரும்பிப் போயிருக்கின்றன. அடுத்தவர் பார்சலை இவ்வளவு சுறுசுறுப்பாகப் பிரிக்கிற ஒரு மனிதருக்கு, தன் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிரிக்க முடியாமல் போனது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

ஹியூபர்ட் கிரியர்


ஆர்மா
9 மார்ச் 1958

திரு. கிரியர் அவர்களுக்கு,

நன்றாகக் கொடுத்தீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு நான் கோயில் நடுவில் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். எங்கள் கூரையில் செத்துப்போன கர்தினால்மாரின் சிவப்புத் தொப்பிகளைத் தொங்கவிட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். தூசியாகி உதிரும்வரை அவை அங்கேதான். அதில் ஒன்று என் தலையில் விழுந்திருந்தால்கூட எனக்கு உறைத்திருக்காது. தாத்தா ஆகப்போகிறேன். அதை அடுத்த குன்றுக்காரர் சொல்லித் தெரிந்துகொள்கிறேன்.

ஆமாம், திருப்பி அனுப்பியது நான்தான். 'இந்த விலாசத்தில் இப்படி யாரும் இல்லை' என்று என் கையாலேயே எழுதினேன். ஃபிண்டனும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். என் முகத்தை ஒருமுறை பார்த்தார், உறையைப் பார்த்தார், "சரிப்பா, நீ இல்ல" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

ஆனால் நீங்களும் ஒன்றை நினைத்துப் பாருங்கள். உங்கள் மகன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கிறேன் என்று ஒரே ஒரு கையெழுத்து, என் மகள் எங்கள் கோயில் படியேறிக் கல்யாணம் செய்திருப்பாள். எனக்கும் ஒரு புதுச் சட்டை கிடைத்திருக்கும். போடாதே என்று சொன்னது நீங்கள். அவர்கள் கப்பலேறிப் போய் உங்கள் மதத்துக் கோயிலில் யாருமில்லாமல் கல்யாணம் செய்துகொண்டார்கள். மறுநாள் காலை வேலைக்குப் போனேன். எல்லாரும் என்னிடம் மிக அன்பாகப் பேசினார்கள். அதைவிட என்னை அடித்திருக்கலாம்.

அவள் அம்மா உயிரோடிருந்தால் கடிதத்தைப் பிரித்திருப்பாள். என்னையும் பிரித்து மேய்ந்திருப்பாள்.

மலக்கி டோனர்

பின்குறிப்பு: எவ்வளவு இளைத்திருக்கிறான்?


ஆர்மா
14 மார்ச் 1958

திரு. டோனர் அவர்களுக்கு,

போடாதே என்றுதான் சொன்னேன். பிறக்காத பிள்ளைகளை முன்கூட்டியே எழுதிக்கொடுக்கச் சொல்கிற தாளில் என் மகன் கையெழுத்துப் போடுவதை நான் விரும்பவில்லை. இன்றும் விரும்பவில்லை. அதே சமயம், அவன் கல்யாணத்துக்கு நானும் போகவில்லை. நீங்கள் உங்கள் வீட்டில் இருந்ததுபோல நானும் என் வீட்டில்தான் இருந்தேன். அன்று தோட்டத்தில் உருளைக்கிழங்குக்குக் குழி வெட்டினேன். தேவைக்கு மேல் வெட்டிவிட்டேன்.

எவ்வளவு இளைத்திருக்கிறான் என்று கேட்டிருந்தீர்கள். அவனுடைய திருமண மோதிரம் கழன்று விழுகிறதாம். நூல் சுற்றிப் போட்டிருக்கிறான்.

ஹியூபர்ட் கிரியர்


ஆர்மா
11 ஆகஸ்ட் 1958

திரு. டோனர் அவர்களுக்கு,

என் மகன் மெர்வின் வெள்ளிக்கிழமை கவென்ட்ரி ஆஸ்பத்திரியில் காலமானான். ரத்தத்தில் வந்த நோய். வயது இருபத்தேழு.

உடல் புதன்கிழமை கப்பலில் வருகிறது. அடக்கம் வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, எங்கள் பேராலயத்தில். டிம்ப்னாவும் கூட வருகிறாள். ஏழு மாதம். பிரசவம் முடியும்வரை எங்கள் வீட்டில்தான் இருப்பாள்.

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். உங்களிடம் எதுவும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

இருபத்திரண்டு வருடமாக இந்தக் கோயிலின் எல்லா ஊர்வலத்துக்கும் முன்னால் வெள்ளிக் கோலைப் பிடித்துக்கொண்டு நடப்பவன் நான். யார் யாருக்கோ நடந்திருக்கிறேன். என் மகன் பெட்டிக்கு முன்னால் வேறொருவன் அந்தக் கோலைத் தூக்க நான் விடமாட்டேன். என் மனைவி ஈடித் படுக்கையிலிருந்து எழ முடியாத நிலையில் இருக்கிறாள். ஆகையால் பெட்டிக்குப் பின்னால் டிம்ப்னா தனியாக நடக்க வேண்டும். முதல் வரிசையில் தனியாக உட்கார வேண்டும். அந்தக் கோயிலில் அவளுக்கென்று ஒருவரும் இல்லை.

உங்கள் ஆட்கள் எங்கள் சாவுகளுக்கு வரும்போது கேட்டுக்கு வெளியே நின்றுகொள்வது வழக்கம் என்று தெரியும். அதை மரியாதையாகத்தான் எடுத்துக்கொள்கிறோம். இந்த ஒருமுறை நீங்கள் உள்ளே வர வேண்டும். ஜெபத்தில் சேர வேண்டாம். முழங்கால் போட வேண்டாம். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

ஹியூபர்ட் கிரியர்


ஆர்மா
12 ஆகஸ்ட் 1958

திரு. கிரியர் அவர்களுக்கு,

எழுத உட்கார்ந்தால் வழக்கமாக ஏதாவது ஒரு வேடிக்கை முதலில் வந்து நிற்கும். இன்று ஒன்றும் வரவில்லை.

மெர்வின் என்னைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்வான். கடைசியாகச் சொன்னபோது நான் கடை ஜன்னலில் இருந்த கெட்டிலைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். அந்தக் கெட்டில் நீல நிறம். மூடியில் ஒரு நசுக்கல் இருந்தது.

எங்கள் சட்டம் உங்களுக்குத் தெரியும்; உங்கள் ஆராதனைக்குள் நாங்கள் கால் வைக்கக் கூடாது. நாளைக் காலைப் பூசை முடிந்ததும் பெரிய சாமியாரிடம் கேட்கிறேன். எது எப்படியானாலும் வியாழக்கிழமை வருவேன். அவள் பக்கத்து இடத்தைக் காலியாகவே வைத்திருங்கள்.

மலக்கி டோனர்


ஆர்மா
16 ஆகஸ்ட் 1958

திரு. டோனர் அவர்களுக்கு,

இடத்தைக் காலியாக வைத்திருந்தேன்.

என் உறவினர் சிலர் அங்கே வந்து உட்காரப் பார்த்தார்கள். டிம்ப்னா தன் இடது கைக் கையுறையைக் கழற்றி இருக்கையின்மேல் வைத்தாள். "இது எங்கப்பாவுக்கு" என்றாள். அவர்கள் பின்வரிசைக்குப் போனார்கள். அவள் ஐந்து முறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். நான் எண்ணினேன். கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் கண்ணை மட்டும்தான் அசைக்க முடியும்.

மேற்குக் கதவை நான் சாத்தவில்லை. சாத்த வேண்டும் என்பது விதி. குளிர்காற்று வருகிறது என்று பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நீங்கள் தாமதமாக வரலாம் என்று நினைத்தேன். பிறகு, அந்தத் திறந்த கதவு வழியாகவே உங்களைப் பார்த்தேன். இரும்புக் கம்பி வேலியோரம், உங்கள் ஆட்களின் வரிசையில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தீர்கள். அங்கிருந்து அந்தக் கதவுக்கு நாற்பது அடிகூட இருக்காது.

உங்கள் சாமியார் மறுத்திருப்பார். சரி. அப்படியானால் வருகிறேன் என்று எழுதியிருக்கக் கூடாது. ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண் தன் கணவனின் பெட்டிக்குப் பின்னால் தனியாக நடந்து போனதை இந்த ஊர் முழுக்கப் பார்த்தது. நான் பார்க்கவில்லை. நான் முன்னால் நடந்துகொண்டிருந்தேன். அவளுடைய காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. மற்றவர்கள் மரியாதைக்காகக் கொஞ்சம் பின்தங்கி வந்ததால், அது மட்டும் தனியாகக் கேட்டது.

அவள் அந்தக் கையுறையை எடுத்துக்கொள்ளவில்லை. இருக்கைகளைச் சுத்தம் செய்கிற வேலை என்னுடையது. நான் அதைத் தொடவில்லை.

ஹியூபர்ட் கிரியர்


ஆர்மா
20 ஆகஸ்ட் 1958

சம்பந்திக்கு,

உங்களை இப்படிக் கூப்பிட எனக்கு மூன்று வருடமும் ஒரு சாவும் தேவைப்பட்டது. பிடிக்காவிட்டால் அந்த வார்த்தையை அடித்துவிட்டுப் படியுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். நியாயம் சொல்லவில்லை, நடந்ததை மட்டும்.

ஒன்றேமுக்காலுக்கே வந்துவிட்டேன். கறுப்புக் கோட்டு, என் மனைவி சாவுக்குத் தைத்தது, இப்போது பொத்தான் எட்டவில்லை. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு உங்கள் குன்று ஏறினேன். கேட்டருகே எங்கள் ஆட்கள் ஆறு பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். கசாப்புக்கடை லெனன், ஃபிண்டன், இன்னும் நான்கு பேர். எல்லாரும் மெர்வினுக்காக வந்தவர்கள்தான். நல்லவர்கள். நான் அவர்களைத் தாண்டிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

லெனன் என்னைப் பார்த்தார். "வா மலக்கி. பாவம்யா, சின்னப் பையன்" என்றார். பிறகு, "கொஞ்சம் தள்ளிக்கோங்கப்பா, மலக்கிக்கு எடம் விடுங்க" என்றார். மூன்று பேர் இந்தப் பக்கம் நகர்ந்தார்கள், மூன்று பேர் அந்தப் பக்கம். நடுவில் ஓர் ஆள் அளவு இடம் கிடைத்தது.

அதற்குள் போய் நின்றேன்.

நிற்க வேண்டும் என்று நினைத்து நிற்கவில்லை. ஒரு நிமிடம் நின்றுவிட்டு உள்ளே போகலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு பெட்டி வந்தது, நீங்கள் கோலோடு வந்தீர்கள், அவள் வந்தாள். தொப்பியை எடுத்தோம். அவள் என்னைப் பார்த்தாள். உள்ளே வரப்போகிறேன் என்று நினைத்திருப்பாள், ஏனென்றால் அவள் முகத்தில் கோபம் இல்லை.

நீங்கள் கதவைத் திறந்து வைத்திருந்ததால் எல்லாம் கேட்டது. கர்த்தர் கற்பித்த ஜெபம் ஆரம்பித்ததும் என் உதடும் அசைந்தது. பழக்கம். நாங்கள் ஆமென் சொல்லி முடிக்கிற இடத்தில் உங்களவர்கள் இன்னொரு வரியைச் சேர்த்துச் சொல்வது உங்களுக்குத் தெரியும். வெளியே ஏழு பேர் வாயும் சட்டென்று நின்றது. உள்ளே குரல்கள் மேலே போய்க்கொண்டிருந்தன. அதில் அவள் குரல் இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும், அவளும் நாங்கள் நிறுத்தின இடத்தில்தான் நிறுத்தினாள். அந்தக் கோயில் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் ஒருத்தி மட்டும் உள்ளே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கையுறை.

உங்கள் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் ஒன்றுக்கும் உதவாமல் திரிந்தேன். பூசை மணியைக் கால் மணி நேரம் முன்னதாக அடித்துவிட்டேன். சாமியார் அரைச் சவரத்தோடு ஓடி வந்தார். திங்கட்கிழமை, நீங்கள் கல்லறைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, உங்கள் கோயிலுக்குள் போனேன். ஐம்பத்தாறு வருடம் எதிரே பார்த்துக்கொண்டிருந்த கட்டடம், உள்ளே போனது முதல் தடவை. ஒன்றும் ஆகவில்லை. கூரை விழவில்லை. உங்கள் பித்தளையெல்லாம் நன்றாக மின்னுகிறது. முதல் வரிசைக்குப் போய், கையுறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரும் இல்லாத கோயிலில் தைரியமாக உட்காருவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

பிறகு அதை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். டிம்ப்னாதான் திறந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது. அவள் அம்மாவின் தாடை இப்போதுதான் அவளுக்கு வந்திருக்கிறது.

"என்ன?" என்றாள்.

"கையுறை" என்றேன். நாலு நாள் யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய், வந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

"ஒத்தக் கையுறையக் குடுக்கவா குன்று ஏறி வந்தீங்க?"

"ரெண்டு குன்றும்மா. ஒண்ணு இறங்கி, ஒண்ணு ஏறி."

ஒரு கணம் சிரித்துவிடுவாள் போலிருந்தது. சிரிக்கவில்லை.

"உங்களுக்குத்தான் எடம் போட்டு வச்சிருந்தேன்பா."

"தெரியும்."

"வேலியோரமா நின்னுட்டிருந்தீங்க. கறுப்புக் கோட்டு போட்டுட்டு. பொத்தான் கூட போடாம."

"எட்டல."

அவள் கதவுப்பிடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகுதான் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகணுமா என்று கேட்பாளே, அந்தக் குரல்.

"பெரிய சாமியார் விடமாட்டேன்னுட்டாராப்பா?"

நான் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டிருந்தேன்.

"நம்ம சட்டம் உனக்குத் தெரியாததா" என்றேன்.

"தெரியும். அதான் உங்க மேல முழுசாக் கோபப்பட முடியல. சின்னதுலேருந்து பார்க்குறேன், சாமி விஷயத்துல நீங்க ஒருநாளும் வளைஞ்சதில்ல. எனக்காக வளைங்கன்னு நான் எப்படிக் கேக்குறது? மெர்வினும் சொல்லிட்டே இருந்தான், உங்கப்பா மனசுல உள்ளத வெளியில செய்யுற ஆளு, மதிக்கணும்னு." கதவை அகலத் திறந்து, "உள்ள வாங்க. காத்து அடிக்குது" என்றாள்.

உள்ளே போனேன். உங்கள் நாற்காலியில்தான் உட்கார்ந்தேன், மன்னிக்க வேண்டும். ஈடித் அம்மா படுக்கையிலிருந்தே, "வந்தது யாரு?" என்று கேட்டார். டிம்ப்னா, "எங்கப்பா" என்றாள். மூன்று வருடம் கழித்து, இன்னொருவரிடம் அவள் என்னை அப்படிச் சொல்லிக் கேட்டேன். சோடா ரொட்டியும் ஆப்பிள் ஜாமும் வைத்தாள். மூன்று துண்டு தின்றேன். நிறுத்தினால் பேச வேண்டியிருக்குமே என்று தின்றுகொண்டே இருந்தேன். குழந்தைக்கு எந்தக் குன்றில் ஞானஸ்நானம் என்று கேட்க வாயெடுத்தேன். என் வாய் அசைவிலேயே கண்டுபிடித்துவிட்டாள். "அத மட்டும் இன்னைக்குக் கேக்காதீங்க" என்றாள். கேட்கவில்லை. இனியும் கேட்கமாட்டேன்.

எழுந்து புறப்படும்போது கையுறையை வாங்கி, அதன் ஜோடியோடு சேர்த்து மடித்துத் தன் கோட்டுப் பையில் வைத்தாள். "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வாங்க" என்றாள். வாசலில் என் கோட்டுப் பொத்தானைப் போட்டுப் பார்த்தாள். எட்டவில்லை. "தச்சு நகர்த்தித் தர்றேன்" என்றாள்.

சம்பந்தி, நீங்கள் மகனைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறீர்கள். நான் உங்கள் வீட்டிலிருந்து மகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். அதை வாங்கிய விதத்தை உங்களிடமாவது சொல்ல வேண்டும். அவள் உங்கள் கூரைக்குக் கீழே இருக்கிறாள். படித்துவிட்டு அவளிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். நான் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் ஒரு மணி நேரம் இருந்தும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை, சொன்னபடியே, பெரிய சாமியாரிடம் கேட்டேன். அவர் பூசை உடுப்பைக்கூட முழுதாகக் கழற்றவில்லை. ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே. நான் பாதி சொல்லும்போதே நிறுத்தினார்.

"போ மலக்கி. உள்ள போயி உன் மக பக்கத்துல உக்காரு. யாராவது கேட்டா, நான் சொன்னேன்னு சொல்லு" என்றார்.

கேட்டது அவள் ஒருத்திதான்.

மலக்கி